கேட் போட்ட நேரத்தில்

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் போட்டால்
என் ஜெராக்ஸ் கடைக்குக் கூட்டம் வரும்.
வண்டியை அணைத்துவிட்டு நிற்பவர்களுக்கு
நகலெடுக்காத காகிதம் ஏதாவது ஞாபகம் வந்துவிடும்.

அன்றைக்கு ஷட்டரைப் பாதி இறக்கி வைத்தேன்.
மங்கையர்க்கரசி அக்காவுக்கு
வியாழக்கிழமை சென்னையில் விசா இன்டர்வியூ.
காலை எட்டேகால்.

ஆர்கன்சா என்று ஒரு ஊர். அங்கேயும் நெல்லாம்.
வாத்தும் உண்டாம், ஆனால் காட்டு வாத்து;
துப்பாக்கியோடுதான் அதைப் பார்க்கப் போவார்களாம்.
அறுத்த வயலில் வாத்து மேய்ப்பது எப்படி என்று சொல்ல
ஒரு பல்கலைக்கழகம்
அக்காவை ஒன்பது நாள் கூப்பிட்டிருக்கிறது.

படிவத்தில் முதல் சண்டை பெயரோடு.
குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டால்
அடுத்த பக்கம் திறக்காது.
கலியபெருமாள் என்று அவர் அப்பாவைப் போட்டேன்.
'அப்ப அங்க என்னை அந்தப் பேரு சொல்லித்தான் கூப்பிடுவாங்களா?'
'ஆமாக்கா.'
'அப்பா செத்து ஏழு வருசம். யாரு திரும்பிப் பாக்குறது?'

கொரோனாவுக்கு வாங்கிய பிளாஸ்டிக் தடுப்பை
மேசைமேல் நிறுத்தினேன்.
கீழே அரைவட்ட ஓட்டை, காகிதம் நுழைய.
நான் ஆபீசர், இந்தப் பக்கம்.
எனக்கு பாஸ்போர்ட்டே கிடையாது.
அதை அவர் கேட்கவில்லை.

'நிரந்தர முகவரி?'
'எந்த மாசத்துக்கு?'
'நிரந்தரம்னா எல்லா மாசத்துக்கும்.'
'தையில வலங்கைமான்.
மாசி பாதிக்கு மேல குடவாசல்.
பங்குனியில தண்ணி எங்க கிடக்கோ அங்க.
ரேசன் கார்டுல மட்டும் ஆதனூர்.'
'ஆதனூரையே சொல்லுங்க.'
'அங்க எங்க நாத்தனாருல்ல இருக்கு?'

அதற்குள் சரக்கு வண்டி வந்துவிட்டது.
நெல் மூட்டை ஏற்றிய வேகன்கள், ஒவ்வொன்றாக.
கடை அதிர்ந்தது, தடுப்பு அதிர்ந்தது,
பேச்சு நின்றுபோய் இரண்டு பேரும் எண்ணிக்கொண்டிருந்தோம்.
எனக்கு நாற்பது. அவருக்கு நாற்பத்தொன்று.
வாத்து எண்ணுகிறவரோடு நான் வாதாடவில்லை.

'சொத்து?'
'அறுநூத்திப் பன்னெண்டு.'
'குழியா?'
'வாத்து.'
'கடன்?'
'அதைச் சொல்லலாமா?'

எனக்கும் தெரியவில்லை.
கடன் இருந்தால் அங்கேயே தங்கிவிடுவான் என்று
யூடியூபில் ஒருத்தர் சொல்கிறார்.
கடன் கட்டத் திரும்பி வருவான் என்று
இன்னொருத்தர்.
இரண்டு பேருக்கும் லட்சம் பேர் லைக் போட்டிருக்கிறார்கள்.

கடைசிக் கேள்வி.
இதற்கு மட்டும் நானே பதில் எழுதிக் கொடுத்திருந்தேன்:
குடும்பம், இரண்டு பிள்ளைகள், பண்ணை.
பண்ணை என்ற சொல்லுக்கு
அவர் முதல் நாளே சிரித்தார்.

'திரும்பி வருவீங்கன்னு என்ன நிச்சயம்?'

தாளைப் பார்க்கவில்லை.
ஓட்டைக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுவந்து
மெதுவாகச் சொன்னார்:
'வாத்து ராத்திரியில முட்டை விடும் சார்.
நாலு மணிக்கெல்லாம் வலைக்குள்ள கை போகணும்,
அஞ்சுக்குக் கேரளா லாரி.
ஒம்பது நாளைக்கு எங்க வீட்டு ஆளு பாத்துக்கும்.
பத்தாம் நாளு
வாத்தையே வித்துப்புடும்.'

'இதைச் சொல்லாதீங்க' என்றேன்.
'பொய்யா?'
'பொய் இல்லை...'
மேற்கொண்டு என்ன சொல்வதென்று
ஆபீசருக்குத் தெரியவில்லை.

கேட் தூக்கிவிட்டார்கள்.
எல்லா வண்டியும் ஒரே சமயத்தில் உறுமியது.
ஷட்டரை ஏற்றினேன்.
ஃபைலைச் சேலைத் தலைப்பால் துடைத்து
பையில் வைத்துக்கொண்டு போனார்,
காலில் காய்ந்த சேறு அப்படியே.

வியாழக்கிழமை எட்டேகாலுக்கும் கேட் போட்டிருந்தது.
போனைக் கல்லாமேல் எடுத்து வைத்திருந்தேன்.
உள்ளே போன் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று
நான்தான் சொல்லி அனுப்பியிருந்தேன்.
ஒரு பையன் மார்க் ஷீட் நீட்டினான்.
எடுத்துக் கொடுத்தேன்.
தெரு முனை வரை போனவன் திரும்ப ஓடிவந்து,
'அண்ணே, ரெண்டுமே ஜெராக்ஸ்ண்ணே' என்றான்.
அசல் மெஷினுக்குள்ளேயே கிடந்தது.